பார்க்கிங் வரைக்கும் போனவர்

கள்ளிக்குப்பம் கன்னியப்பனைப் போல இந்தியாவைச் சுற்றியவர் அம்பத்தூர் வட்டாரத்திலேயே இல்லை என்று சொன்னால் யாரும் மறுக்க மாட்டார்கள். காசிக்கு ஏழு தடவை. ராமேஸ்வரத்துக்கு எத்தனை தடவை என்று அவருக்கே தெரியாது. மைசூரும் ஊட்டியும் வருஷா வருஷம் மே மாதம் தவறாமல். இத்தனைக்கும் மனிதர் ஒரு டிக்கெட்கூட எடுத்ததில்லை. டூர் பஸ்ஸில் அவர்தான் சமையல் மாஸ்டர்.

அதென்ன பெரிய வேலை என்று கேட்பவர்களை ஒரே ஒரு நாள் அந்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். நாற்பத்தெட்டுப் பேருக்கு மூன்று வேளைச் சாப்பாடு. டிக்கியில் காஸ் அடுப்பு, சிலிண்டர், அண்டா, அரிசி மூட்டை. எந்த ஊர் போனாலும் பார்க்கிங்கில் தார்ப்பாயை விரித்துக் கடை பரப்ப வேண்டியதுதான். ஜனங்கள் கோயிலுக்கோ அருவிக்கோ போய்த் திரும்புவதற்குள் சோறு, சாம்பார், ரசம், பொரியல், அப்பளம் எல்லாம் தயாராக இருக்க வேண்டும். பத்து நிமிஷம் தாமதமானால் போதும், சாமி பேரைச் சொல்லிக்கொண்டு வந்த அதே வாய் மாஸ்டரைத் திட்டும்.

முன்பு அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனி கேண்டீனில் கரண்டி பிடித்தவர் அவர். கம்பெனியை மூடிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, ஆவடி ஃபாக்டரியில் ஓய்வு பெற்ற மணவாளன் குவார்ட்டர்ஸ் குடும்பங்களைச் சேர்த்து டூர் நடத்த ஆரம்பித்தார். "சமைக்க ஆள் வேணும், வர்றியாப்பா?" என்றார். போனார். இருபத்திரண்டு வருஷம் ஓடிவிட்டது.

ஊர்களை அவர் தெரிந்து வைத்திருந்த விதமே தனி. ஊட்டியில் பருப்பு வேகவே வேகாது, ஒரு மணி நேரம் முன்னதாகவே ஏற்றிவிட வேண்டும். ராமேஸ்வரத்தில் காற்று அடுப்பை அணைத்துக்கொண்டே இருக்கும். மைசூர்த் தண்ணீர் தங்கமானது, சோறு பொலபொலவென்று வரும். சரி, மைசூர் அரண்மனை? பார்க்கிங்கிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு மேலே சிவப்பாக ஒரு கும்மட்டம் தெரியும். அவர் பார்த்த அரண்மனை அவ்வளவுதான்.

இதை அவர் வீட்டில் சொல்லவில்லை. வினையே அங்கேதான் ஆரம்பம்.

முதல் டூர் முடிந்து வந்த அன்று மனைவி வசந்தகுமாரி, "இன்னா இன்னா பாத்தே, சொல்லுய்யா" என்று எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்த ஆசையைப் பார்த்ததும், பார்க்கிங்கில் வெங்காயம் அரிந்தேன் என்று சொல்ல மனிதருக்கு வாய் வரவில்லை. பந்தியில் உட்கார்ந்தவர்கள் பேசிக்கொண்டதையெல்லாம் பொறுக்கி, தாளித்துக் கொட்டி, தானே கண்ணால் கண்டதுபோலப் பரிமாறிவிட்டார். மைசூர் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கை மீறிவிட்டது. "தங்க சிம்மாசனம் வசந்தா! உள்ள நொழஞ்சதுமே கீது. படி கூட தங்கம்தான்."

அந்தச் சிம்மாசனம் வசந்தகுமாரியின் வாய்வழியாகத் தெரு முழுக்கப் போயிற்று. ஒவ்வொரு மே மாதமும் அதில் புதிதாக முத்தும் பச்சைக்கல்லும் ஏறின. அவளும் எப்படிப் போவாள்? எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை, மே மாதம் லீவு கேட்டால் முறைப்பார்கள். இந்த வருஷம்தான் கண்ணைக் காரணம் காட்டி வேலையை விட்டாள். விட்ட மறுநாளே மணவாளனிடம் போய் ஸீட் சொல்லிவிட்டு வந்தாள். "வெயிலு தாங்க மாட்டே, பஸ்ஸு ஒத்துக்காது" என்று கன்னியப்பன் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார். அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

பஸ் கிளம்பியதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. பக்கத்து ஸீட்டில் அதே தெரு ஹேமாவதி. "எங்க ஊட்டுக்காரரு வருசா வருசம் பாத்துகினு வர்றாரு ஹேமாவதி" என்று தொடங்கி, சிம்மாசனத்துக்கு எத்தனை படி என்பதுவரை சொல்லிக்கொண்டு வந்தாள். முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கன்னியப்பனுக்கு அத்தனையும் கேட்டது. பொய் தெரிந்துபோனால் இவள் முகத்தில் எப்படி விழிப்பது என்றே வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்தார்.

மைசூரில் இறங்கியதும், "நீயும் வாய்யா, கூட வந்து காட்டு" என்றாள்.

"சோறு யாரு வடிப்பா? நான் பாக்காததா? நீ போ."

போனாள். அன்றைக்கு அவர் ரசத்தில் இரண்டு தடவை உப்புப் போட்டார்.

பகல் ஒரு மணிக்குக் கூட்டம் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தது. "இன்னா மாஸ்டர்," என்று ஹேமாவதிதான் ஆரம்பித்தாள், "சிம்மாசனத்த தசராவுக்கு மட்டுந்தான் வெளிய வெப்பாங்களாமே? கைடு சொல்றான். மே மாசத்துல நீ எங்க பாத்தே?" தார்ப்பாய் முழுக்க ஒரே சிரிப்பு. மணவாளனும் வாயைப் பொத்திக்கொண்டார். வசந்தகுமாரி மட்டும் கடைசியாக வந்தாள். தட்டை எடுத்து எல்லாருக்கும் பரிமாறினாள். தான் சாப்பிடவில்லை. ரசத்தை வாயில் வைத்த எல்லாரும் முகம் சுளித்தார்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால் சின்ன அண்டாவைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்த கன்னியப்பன் முன்னால் வசந்தகுமாரி வந்து நின்றாள்.

"கைடுகிட்ட நான் சண்ட போட்டேன்யா. எங்க ஊட்டுக்காரரு பாத்துகீறாரு, நீ எங்கியோ மறச்சி வெச்சிகினு கத வுடறேன்னு அத்தினி பேரு முன்னாடி கத்தினேன். நீ உள்ளயே போனதில்லயா?"

"இல்ல வசந்தா."

"ஊட்டில அந்தப் பூ தோட்டம்?"

"வாசல்ல பஸ்ஸு நிக்கும்."

"காசி?"

"கங்கையில முழுக்கு போட்டுகீறேன். கோயிலுக்குள்ள போனதில்ல. அவுங்க வர்றதுக்குள்ள பொங்கல் எறக்கணுமே."

"அப்ப இன்னாத்துக்குய்யா பொய் சொன்னே?"

"நீ ஆசையா கேட்டே. ஒண்ணுமே பாக்கலன்னு சொன்னா உன் மூஞ்சி வாடிப்பூடும்னு..." துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்த அண்டாவையே மறுபடி துடைத்தார்.

வசந்தகுமாரிக்குக் கோபம் தலைக்கு ஏறித்தான் இருந்தது. ஆனால் இருபத்திரண்டு வருஷம் என்று மனதில் ஓட்டிப் பார்த்தாள். அத்தனை ஊரும் போய், அத்தனை ஊரிலும் வாசலிலேயே நின்றிருக்கிறான் மனுஷன். அவளுக்குப் பொய் மறந்துபோயிற்று. விடுவிடுவென்று தார்ப்பாய்ப் பக்கம் போனாள்.

"மணவாளன் சார், வண்டி எத்தினி மணிக்கு எடுப்பீங்க?"

"நாலு மணிக்கும்மா."

"அப்ப சரி. எங்க ஊட்டுக்காரர பாத்து சிரிச்சவங்கல்லாம் ஏந்திரிங்க! ஆளுக்கு ஒரு குண்டான் எடுங்க. ஹேமாவதி, உனக்கு பெரிய அண்டா. அடிப்புடிச்சிகீது, நல்லா அழுத்தித் தேயி. சாயங்காலம் சுண்டலுக்கு வெங்காயமும் நீங்களே அரிஞ்சி வெச்சிருங்க."

"இன்னாக்கா இது அநியாயம்?" என்றாள் ஹேமாவதி. ஆனாலும் சிரித்துக்கொண்டே புடவையைத் தூக்கிச் செருகினாள். மணவாளன் சாரே சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சோற்றுக் குண்டானைக் கையில் எடுத்துவிட்டார்.

பனியன் மேல் சட்டையை மாட்டக்கூட விடாமல் கன்னியப்பனை இழுத்துக்கொண்டு போனாள். நடந்துகொண்டே பட்டன் போட்டார். செருப்பை எங்கே விட வேண்டும், எந்தப் பக்கம் வரிசை என்று அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. காலையில் ஒரே ஒரு தடவை பார்த்தவள் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனாள். "குனிஞ்சி நடக்காதே, இங்க அடுப்பு இல்ல" என்று நடுவில் ஒரு அதட்டல் வேறு.

அரண்மனையின் கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் அவர் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மேல பாரு."

அண்ணாந்தார். கூரை முழுக்கக் கண்ணாடி. கண்ணாடி முழுக்க மயில். பச்சையும் நீலமுமாக வெளிச்சம் இறங்கி, வரிசை வரிசையாக நின்ற தூண்களில் வழிந்தது. பின்னால் வந்த கூட்டம் இடித்துக்கொண்டு போயிற்று. காவலுக்கு நின்றவன் கன்னடத்தில் ஏதோ சொல்லிக் கையை ஆட்டினான், நகரச் சொல்கிறான் போலிருக்கிறது. கன்னியப்பன் நகரவில்லை. கண் நிறைந்து கன்னத்தில் இறங்கியதைத் துடைக்கவும் இல்லை.

"இன்னாய்யா, பேச்சையே காணோம்? ஊட்ல அந்த அள அளப்பியே."

அவர் தலையைக் கீழே இறக்காமலே சொன்னார்.

"இத்தினி வருசமா உங்கிட்ட ரொம்ப கம்மியா சொல்லிட்டேன் வசந்தா."