பூங்காவில் ஆடிய ஆட்டம்

என் கணவருக்குப் பார்க்கின்சன் நோய் வந்தபிறகு, நடக்கும்போதே கால்கள் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றுவிடும். முகத்தில் சிரிப்பும் மறைந்துபோனது. மருந்தோடு பயிற்சியும் தேவை, தாளம் கேட்டால் கால்களை நகர்த்த மூளை வேறு வழி தேடிக்கொள்ளும் என்றார் பிசியோதெரபிஸ்ட். தினமும் காலையில் லோதி ரோடு பூங்காவில் நான் கைதட்டுவேன், அவர் நடப்பார்.

அன்று பாதிவழியில் நின்றுவிட்டார். எவ்வளவு தட்டியும் கால் அசையவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் பஞ்சாபிப் பாட்டு போட்டு உடற்பயிற்சி செய்துகொண்டிருந்த பெண்மணி, "ஆன்ட்டிஜி, அங்கிள் கையைப் பிடிச்சு டான்ஸ் பண்ணுங்க" என்று இந்தியில் சொல்லி, சத்தத்தைக் கூட்டினார்.

வெளியிடத்தில் நாங்கள் கைகோத்ததே இல்லை. "எல்லாரும் பாக்கறாங்களேங்க" என்றேன்.

"பாக்கட்டும். நீ பிடி" என்றார், தேய்ந்த குரலில்.

இரு கைகளையும் பிடித்துக்கொண்டேன். பாட்டோடு இப்படியும் அப்படியும் சாய்ந்தோம். மெல்ல அவர் கால் தரையைவிட்டு எழுந்தது. நான் பின்னால் நகர, அவர் முன்னால் வந்தார்.

"என்னங்க, வருது!"

அவர் சிரித்தார். உதட்டோரம் மட்டும்தான். எனக்கு அது போதும்.

நோய் போகாது என்று இருவருக்கும் தெரியும். ஆனாலும் இப்போது வீட்டு வாசற்படியில் கால் நின்றுவிட்டால் அவர் கலங்குவதில்லை. கையை நீட்டி, "ஆடலாமா?" என்கிறார். நானும் அடுப்பை அணைத்துவிட்டு ஓடுகிறேன்.