நாலு வயது வண்டி

எங்கள் அலுவலகத்தில் தபால் பிரிவைப் பார்ப்பவருக்கு ‘ஆராய்ச்சி’ என்று பெயர் வைத்தது நாங்கள்தான். கேலி என்று அவருக்கு உறைக்கவில்லை. பட்டம் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டார். யாராவது பழைய கார் வாங்கப் போவதாக வாய் தவறிச் சொன்னால் போதும், அழைக்காமலே கூட வந்துவிடுவார். வண்டியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிரேக் மிதியின் ரப்பரைத் தடவி, டயரின் பக்கவாட்டில் இருக்கும் நான்கு எண்களைக் குனிந்து படிப்பார். முதல் இரண்டும் வாரம், அடுத்த இரண்டும் வருஷம் என்று பாடம் எடுப்பார். பிறகு வயதைச் சொல்வார். அது சரிதானா என்று யாரும் போய்ப் பார்த்ததில்லை. அதனால் அவர் சொன்னது ஒருமுறையும் தப்பியதில்லை.

போன மாதம் தனக்கே ஒரு கார் வாங்கப் புறப்பட்டார். சாட்சிக்கு நான்.

பழைய கார் விற்பவர் ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிட்டார். ஒரு சாம்பல் நிற வண்டியைக் காட்டினார். வயதை மட்டும் சொல்லவில்லை.

“உங்களுக்குப் போய் நான் சொல்றதா சார்? நீங்களே பாத்துச் சொல்லுங்க.”

ஆராய்ச்சி குனிந்தார், தடவினார், நிமிர்ந்தார். “நாலு வருஷம்.”

விற்பவர் வாயைப் பிளந்து நின்றார். அவ்வளவு நன்றாக வாயைப் பிளக்க நீண்ட காலப் பழக்கம் வேண்டும்.

அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து போன். அவர் மனைவி மருந்துக் கடையில் வேலை பார்ப்பவர். தேதி பார்க்காமல் ஒரு மாத்திரை அட்டையைக்கூடக் கைமாற்றாதவர். பதிவுப் புத்தகத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டார். புத்தகம் பெயர் மாற்றத்துக்குப் போயிருப்பதாக விற்பவர் சொன்னார். புத்தகத்தைப் பார்த்து வயது சொல்ல நான் எதற்கு என்று ஆராய்ச்சி போனை வைத்தார். எனக்கும் லேசாக உதைத்தது. அவரிடம் யார் வாய் கொடுப்பது?

வாங்கிய வண்டியில் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கிளம்பினார்கள். பின்சீட்டில் மனைவி பெல்ட்டை இழுக்க, அது பாதியில் சிக்கியது. முழுவதும் உருவினார். அடியில் தைத்திருந்த சிறு துணிச்சீட்டில் தயாரித்த வருஷம் இருந்தது. விரல் விட்டு எண்ணினார். பதினொன்று.

பெல்ட்டை ஏதோ பழைய வண்டியிலிருந்து எடுத்து மாட்டியிருப்பார்கள் என்றார் கணவர். அம்மையார் இறங்கிக் கண்ணாடிகளின் மூலையில் பொறித்திருந்ததைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே வருஷம். கண்ணாடியும் அப்படித்தான் என்றார் இவர்.

“பாவங்க அந்த மனுஷன். எல்லாத்தையும் பழசாத் தேடித் தேடி மாத்தியிருக்காரு. டயரை மட்டும் உங்களுக்காக விட்டு வச்சிருக்காரு.”

மறுநாள் ஆராய்ச்சி என்னையும் இழுத்துக்கொண்டு சண்டைக்குப் போனார். விற்பவர் உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, நிதானமாகக் கேட்டார்:

“நான் எங்க சார் நாலுன்னு சொன்னேன்? நீங்கதான சொன்னீங்க.”

ஆராய்ச்சி என்னைப் பார்த்தார். சாட்சி உண்மையைத்தானே சொல்ல வேண்டும்? ஆமாம் என்றேன்.

ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. இப்போது உறவுக்காரர்கள் கார் பார்க்க அவர் மனைவியைத்தான் கூப்பிடுகிறார்கள். அந்த அம்மாள் போனதும் முதலில் பதிவுப் புத்தகத்துக்குக் கை நீட்டுகிறாராம். ஆராய்ச்சி சும்மா இருப்பாரா? வாடகை வீடு தேடுகிறவர்களோடு போய், சுவரைத் தட்டிப் பார்த்துக் கட்டடத்துக்கு வயது சொல்லிக்கொண்டிருக்கிறார்.