ஜெராம் பஸ்ஸில் மிஞ்சிய இருவர்

அம்சவள்ளி மலேசியாவில் ஜெராம் பக்கத்து எஸ்டேட் லயத்து வரிசை வீடொன்றில் பிறந்தவள். 1988இல் ரவாங்கில் ஒரு மின்பொருள் தொழிற்சாலையில் பாக்கிங் பிரிவில் நின்றே வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டச்சு வேகத்தைப் பார்த்து அவளைக் கம்ப்யூட்டர் அறைக்கு எடுத்தார்கள். பக்கத்து முதலுதவி அறை என்னுடையது; நான் அங்கே நர்ஸ், எல்லாருக்கும் 'மிஸ்ஸி'.

மறுநாள் காலை எந்தப் பஸ்ஸில் யார் யார் என்று பட்டியல் அச்சடிப்பது அவள் பொறுப்பு. அதற்காக ரெக்ஸ் என்ற மொழியில் இரண்டு சிறு நிரல்கள் எழுதியிருந்தாள். ஒன்று பெயர்களை வரிசையில் போடும். மற்றது அங்கிருந்து எடுத்து அச்சடிக்கும். அந்த வரிசை நிரல்களுக்கு வெளியே தனியாக இருப்பது. நிரல் முடிந்தாலும் மிச்சம் அங்கேயே கிடக்கும். வினை அங்கேதான்.

ஒரு வியாழக்கிழமை கலும்பாங் பஸ் ஓட்டுநர் செல்லன் நேரே அவளிடம் வந்து நின்றார்.

"அம்சா, ஜெராம் வேலம்மாவையும் சின்னத்தாயையும் கலும்பாங்குல எங்க போயித் தேடறது? தொண்டை கிழியக் கூப்பிட்டேன். நாய்தான் வந்துச்சு லா!"

டவுன் பஸ் பிடித்து வந்த வேலம்மா பின்னாலேயே நுழைந்தாள். "எங்க டிரைவரு லிஸ்டுல பேரு இல்லேன்னு ஏத்தமாட்டேன்னுட்டான். ஏண்டி, என்னைக் கேக்காமலே கலும்பாங்குல கட்டிக் குடுத்துட்டியா?"

எல்லாரும் சிரித்தார்கள், மேலாளர் தங்கராஜுவைத் தவிர. "நாளைக்கும் தப்பா வந்தா கையாலயே எழுதிக்கலாம். நீ பழையபடி பாக்கிங்குக்குப் போயிரு" என்றார்.

அம்சவள்ளி உட்கார்ந்தாள். ஜெராம் பட்டியல் முடிகிற இடத்தில் 'சென்ட்ரீஸ்' என்ற கட்டளையைச் செருகி ஓட்டினாள். வரிசையில் எத்தனை வரி மிச்சம் என்று அது சொல்லும். இரண்டு என்றது. பஸ்ஸில் நாற்பது இருக்கை. அச்சடிக்கும் நிரலும் நாற்பதோடு நின்றுவிடும். ஆனால் ஜெராமில் புதிதாக ஆள் சேர்ந்து நாற்பத்திரண்டு ஆகியிருந்தது. மிஞ்சிய இருவரும் அடுத்து அச்சாகும் கலும்பாங் பட்டியலின் தலையில் ஏறிக்கொண்டார்கள். ஒரு நோயாளியின் பாத்திரத்தைக் கழுவாமல் அடுத்தவருக்குக் கொடுத்த கதைதான்.

கழுவவும் கட்டளை இருந்தது. 'மேக்பஃப்' ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனி இடம் ஒதுக்கும்; 'டிராப்பஃப்' அதை மிச்சத்தோடு தூக்கி எறியும். இரண்டையும் சேர்த்து ஓட்டியவள் கத்தினாள்.

"ஐயோ மிஸ்ஸி, வேலம்மாக்காவையே தூக்கிப் போட்டுட்டேன்!"

போய்ப் பார்த்தேன். "கலும்பாங் லிஸ்டு சுத்தமாத்தானே இருக்கு?"

"சுத்தம்தான். ரெண்டு பேரும் எந்த லிஸ்டுலயும் இல்ல. நாளைக்கு ரோட்டுல நிப்பாங்க."

எறிவதற்கு முன் மிச்சத்தை எடுத்துத் தனித்தாளில் அச்சடிக்கும்படி நிரலை மாற்றினாள். அந்தத் தாளோடு தங்கராஜுவிடம் போனாள்.

"இது என்ன?"

"ஜெராம் பஸ்ல சீட்டு பத்தல சார். இவங்களுக்கு வேன் வேணும்."

"லிஸ்டைச் சரிபண்ணச் சொன்னா வேன் கேக்கற?"

"லிஸ்டு சரியானதாலதான் சார் வேன் கேக்குது."

அவர் வாய்க்குள் சிரித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை எல்லாப் பஸ்ஸும் ஒழுங்காக வந்தன. வேனிலிருந்து வேலம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலாளியம்மா மாதிரி இறங்கினாள். தங்கராஜு கம்ப்யூட்டர் அறை வாசலில் நின்று, "அடுத்த மாசம் கோலசிலாங்கூர்லேருந்தும் பஸ் வருது. அந்த லிஸ்டும் நீயே போட்டுரு" என்றார்.

"சரி சார்," என்றாள் அம்சவள்ளி. "அதுல எத்தனை சீட்டு?"