அண்ணன் வாங்க மறுத்த இரண்டு லட்சம்

கடன் வாங்கிவிட்டுத் திருப்பிக் கொடுக்காமல் ஏமாற்றியவர்கள் கதை ஊரில் ஆயிரம் இருக்கும். கொடுக்கப் போனவளிடம் வாங்காமலே ஏமாற்றிய கதை என்னுடையது. அதுவும் கூடப் பிறந்த அண்ணன். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

விஸ்வநத்தத்தில் பட்டாசுக்கு அட்டைப்பெட்டி செய்து கொடுக்கும் தொழில் தொடங்க நானும் என் வீட்டுக்காரரும் ஆசைப்பட்டோம். அட்டை வெட்டுகிற பழைய பஞ்சிங் மிஷின் ஒன்று விலைக்கு வந்தது. எங்கள் கையில் பாதிப் பணம்தான் இருந்தது. மீதி இரண்டு லட்சத்துக்கு அண்ணனிடம் போய் நின்றேன். அவருக்கு விருதுநகரில் பருப்பு மண்டி. மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். நான் அழுதே விட்டேன், கிறுக்கி.

இரண்டு சீசன் நன்றாக ஓடியது. இரண்டாவது தீபாவளி முடிந்ததும் முழுப் பணத்தையும் மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன்.

“என்ன புள்ள இது? அண்ணங்கிட்ட வாங்குனத யாராச்சும் திருப்பிக் குடுப்பாகளா? சீருன்னு நெனச்சுக்க. கொண்டு போ.”

மதினியும் பையைத் திரும்ப என் கையில் திணித்தாள். அடுத்த வருடமும் போனேன், அதே பேச்சு. எங்கண்ணனைப் போல உண்டா என்று பார்த்தவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா இறந்தார். அம்மா முன்பே போய்விட்டாள். நாரணாபுரம் பக்கம் அப்பா பெயரில் ஒன்றரை ஏக்கர் கரிசல் காடு இருந்தது. ஒரு காலத்தில் சீந்துவாரில்லை. சுற்றிலும் கம்பெனிகள் வந்தபின் விலை எங்கேயோ போய்விட்டது. பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர்தான். நாங்கள் மிஷின் போட்டிருந்த வாடகை ஷெட்டின் சொந்தக்காரர் காலி பண்ணச் சொல்லிக்கொண்டே இருந்தார். என் பாதியில் சொந்தமாக ஒரு ஷெட் போட்டுவிட்டால் தொழில் தப்பிக்கும் என்று நம்பியிருந்தேன்.

அப்பாவின் வருஷத் திதி முடிந்த மறுவாரம் அண்ணன் போன் செய்தார். “ஒரு கையெழுத்து இருக்கு. ஆதார எடுத்துக்கிட்டு பத்திர ஆபீசுக்கு வந்துரு.”

போனேன். எழுதித் தயாராக வைத்திருந்த தாளை வாங்கி வாசித்தேன். தொழிலுக்காக என் பங்குத் தொகையை முன்பே பெற்றுக்கொண்டுவிட்டேனாம். தகப்பனார் சொத்தில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லையாம்.

“அண்ணே, என்ன இது?”

“ஒனக்குத்தான் அப்பவே குடுத்துட்டேனே. அத வச்சுத்தான கம்பெனி நடத்துற?”

“நான் கொண்டாந்தப்ப நீங்கதான வேணாம்னீக?”

“பங்குல கழிச்சுக்கிறலாம்னுதான் வேணாம்னேன். இதக்கூட வாய்விட்டுச் சொல்லணுமாக்கும்?”

அடப் பாவி மனுஷா! தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று சும்மாவா சொன்னார்கள்? கடன் என்றால் கடன் என்று கையை நீட்டி வாங்கியிருக்க வேண்டியதுதானே. சீர் என்று சொல்லி என்னை அழவைத்துவிட்டு, உள்ளுக்குள் காட்டை அளந்துகொண்டு இருந்திருக்கிறார்.

பத்திரம் எழுதுகிறவர் முன்னாலேயே கத்தினேன். “ரெண்டு லட்சத்துக்கு இன்னைக்கு வெலைக்கு எத்தன சென்ட் வருமோ, அம்புட்டையும் கழிச்சுக்கோங்க. மிச்சத்த எம்பேருக்கு எழுதுங்க. இப்பவே கையெழுத்துப் போடுதேன்.”

அண்ணன் கூட வந்திருந்த மதினியைத் திரும்பிப் பார்த்தார். மதினிதான் பேசினாள். “பொறந்த வீடு வேணுமா, காடு வேணுமான்னு யோசிச்சுக்கோங்க.”

தாளை மேசையில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன். அந்த வாரமே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினேன். சட்டம் இருக்கிறது, என் பாதி என்னிடம் வந்துதான் தீரும்.

எனக்குக் கல்யாணமான நாளிலிருந்து, பொங்கலுக்கு முந்தின நாள் அண்ணன் பொங்கல்படி கொண்டுவருவார். அரிசி, வெல்லம், மஞ்சள் குலை, ஒரு கட்டுக் கரும்பு. மத்தியானம் எங்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார். இந்தப் பொங்கலுக்கு வரவில்லை. நோட்டீஸ் அனுப்பியவள் வீட்டுக்கு எவன் வருவான்? எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அன்று காலையில் ஒரு ஆள் சோற்றுக்குக் கூடுதலாக அரிசி களைந்து உலையில் போட்டிருக்கிறேன். மூன்று மணி வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன்மேல் உள்ள கோபமெல்லாம் ஒன்றுமேயில்லை, அந்தச் சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்தபோது என்மேல் எனக்கு வந்ததே, அந்தக் கோபத்துக்கு முன்னால்.