அம்மியில் இடித்த கதவு

சுதந்திரம் வந்த வருடம், காஜா பெராங் தெருவில் இருந்த எங்கள் வீட்டுச் சமையலறையில் மின்சார ஓவன் பதித்தே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன். சுதந்திர நாளன்று வரும் விருந்தாளிகளுக்கு என் கையாலேயே கேக் சுட்டுத் தருவதாகத் தெரு முழுக்கச் சொல்லியும் வைத்திருந்தேன்.

ஜாலான் பெண்டஹாரா கடைத்தெருவில் கடை கடையாக ஏறி, பக்கவாட்டில் திறக்கும் கதவு வைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். நீளம், அகலம், உயரம் எல்லாம் நானே அளந்து கொடுத்தேன். கொத்தனார் அதை அடுப்பு மேடைக்கு அடியில் வைத்துச் சிமெண்டு பூசிவிட்டுப் போனார். சிமெண்டு காய்ந்த பிறகு கதவை இழுத்தேன். ஒரு சாண் திறந்து, தரையில் பதித்திருந்த அம்மியில் இடித்து நின்றது. கதவுக்கும் இடம் வேண்டும் என்பது எனக்குத் தோன்றவேயில்லை.

"அம்மா, அம்மியப் பேத்து அந்தப் பக்கம் வச்சிடலாமா?"

"என் கல்யாணத்துல மிதிச்ச அம்மிடா அது. உன் டப்பாவப் பேத்துக்கோ."

"சிமெண்டு காஞ்சிருச்சும்மா! கேக் தட்டு உள்ள போவ மாட்டேங்குது."

"கை போவுதில்ல? கச்சாங் வறு லா."

அந்த இடுக்கில் கையை விட்டு, விரலைச் சுட்டுக்கொண்டு, ஆத்திரத்தோடு சின்னச் சின்னக் கிண்ணங்களில் கடலை வறுத்தேன். ஊரே கொண்டாடிய அன்று, கேக் எங்கே என்று கேட்டவர்கள் கையிலெல்லாம் வேர்க்கடலையைத் திணித்தேன்.