பீங்கானில் விழும் குழி

இலங்கையின் கொத்மலைத் தேயிலைத் தோட்டத்தில் ஒரு காலை, மின்கம்பத்தில் கம்பியைத் தாங்கியிருந்த பீங்கான் உடைந்து கம்பி கீழே விழுந்தது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த என் அக்கா மின்சாரம் தாக்கி அந்த இடத்திலேயே இறந்துபோனாள்.

பல வருடங்களுக்குப் பிறகு, பீங்கானின் கடினத்தன்மையை அளக்கும் ஆய்வுகூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. வைரமுனையைப் பீங்கானில் அழுத்தி, விழும் குழியை நுண்ணோக்கியில் அளப்போம். குழி சிறிதாக இருந்தால் பீங்கான் கடினமானது.

விடுமுறைக்குத் தோட்டத்து லய வீட்டுக்குப் போனபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

"அப்ப நீ பாத்து அனுப்புறது ஒடையாதா?" என்று கேட்டார்.

"எவ்வளவு கெட்டியா இருந்தாலும் ஒடையலாம்மா. கெட்டி வேற, ஒடையாம தாங்குறது வேற."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளினார். "அப்புறம் எதுக்கு அளக்குறீங்க?"

கெட்டியில்லாததைக் கழித்துவிடத்தான் என்ற பதிலைச் சொல்லாமல், இன்னொரு விறகை எடுத்துக் கொடுத்தேன். அதன் பிறகு என் வேலையைப் பற்றி அவர் கேட்டதே இல்லை.