காற்றுப் புகாத தையல்

என் அக்காவைப் பற்றி ஒரு வரியில் சொல்லச் சொன்னால் பயந்தாங்கொள்ளி என்பேன். அவளும் மறுக்கமாட்டாள். லிஃப்டில் ஏறமாட்டாள். குளியலறைக்குத் தாழ்ப்பாள் போடமாட்டாள். கதவைச் சும்மா சாத்திவிட்டு, ஆள் இருப்பது வெளியே தெரிய இருமிக்கொண்டே குளிப்பாள். பேருந்தில் கதவோர இருக்கை கிடைக்காவிட்டால் இறங்கி அடுத்ததற்குக் காத்திருப்பாள். அவளை ஓர் இரும்புத் தொட்டிக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்திப் படம் எடுத்தார்கள்.

அக்காவும் நானும் தார்ப்பாய்ப் பட்டறையில் தைக்கிறோம். லாரிக்கு மூடுதுணி, கடைவாசலுக்கு மறைப்பு, படகுக்கு உறை, எது வந்தாலும் தைப்போம். மற்ற எல்லா விஷயத்திலும் பயந்து நடுங்குகிறவள் தையலில் மட்டும் ராணி. இரட்டைத் தையல் ஓட்டி, அதன்மேல் ரப்பர் பட்டையைச் சூடுபண்ணி ஒட்டி, மேலே ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுவாள். அடியில் தடவிப் பார்த்துக் கை காய்ந்திருந்தால்தான் துணி கைமாறும். நான் தைத்ததையும் இப்படித்தான் சோதிப்பாள். எத்தனையோ தடவை என் மானத்தை அந்த வாளியிலேயே வாங்கியிருக்கிறாள்.

அத்தான், அதாவது அவள் கணவர், இரும்புப் பீப்பாய் செய்கிற ஆலையில் வெல்டர். சுத்தியல் சத்தத்துக்கு நடுவிலேயே காலம் போய், இரண்டு காதும் போய்விட்டன. பேச்சு மட்டும் இருக்கிறது, அதுவும் ஊருக்கே கேட்கிற மாதிரி. அவர்கள் வீட்டில் மரப்பலகைத் தரை. அவர் எந்த மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் அக்கா குதிகாலால் தரையைத் தட்டுவாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. அது பலகை வழியாக அவர் வெறுங்காலில் ஏறும். உடனே எழுந்து வருவார். "உங்க வீட்டுல பாசம் பொங்குனா எங்க வீட்டுல சுண்ணாம்பு உதிருது," என்று கீழ்வீட்டுக்காரர் குறைப்பட்டுக்கொள்வார்.

இசைக்காரர்கள் பட்டறைக்கு வந்தது ஒரு மழைநாளில். மூன்று பேர். வயலின்காரர்தான் தலைவர், நெட்டையான, எதற்கெடுத்தாலும் மன்னிப்புக் கேட்கிற மனிதர். கூட ஒரு டிரம்ஸ்காரர், ஒரு கீபோர்டுகாரர். படம் எடுக்கிறார்களாம், அதற்கு ஒரு விண்வெளி உடை தைக்க வேண்டுமாம்.

"எங்கயோ ஒரு கிரகம். அதுல ஒரே ஒரு ஆள். கடைசி வரைக்கும் யாரும் பேசமாட்டாங்க," என்றார் வயலின்காரர்.

"சண்டை உண்டா?" என்று கேட்டேன்.

"இல்லைங்க, மன்னிச்சுக்கங்க."

"அப்ப என்னதான் நடக்கும்?"

"மெதுவா நடப்பாங்க."

அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு அளவு கேட்டாள். யாருக்கு என்றே முடிவாகவில்லையாம். "ஒரு மனுஷ அளவு போதுங்க," என்றார். சுருதி பிசகினால் முகம் சுளிக்கிறவர்களுக்குச் சட்டைக்கு அளவு வேண்டும் என்பது தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மனுஷ அளவு அக்காவுடையதுதான். தன் உடம்பிலேயே நாடாவை வைத்து அளந்து தைத்தாள். வழக்கம்போல் இரட்டைத் தையல், ரப்பர் பட்டை, வாளித் தண்ணீர்.

"படத்துக்குத்தானே? காத்து புகுந்தா என்ன குடியா முழுகிடும்?" என்றேன்.

"புகுந்தா அது என் தையல் இல்ல," என்றாள்.

உடை தயாரானதும் மூவரும் போட்டுப் பார்த்தார்கள். வயலின்காரருக்குக் கணுக்கால் தெரிந்தது. டிரம்ஸ்காரருக்குத் தோளுக்கு மேல் ஏறவில்லை. கீபோர்டுகாரர் எப்படியோ உள்ளே போய்விட்டார். ஆனால் முழங்கால் மடங்கவில்லை. பிறகு மூவரும் திரும்பி அக்காவைப் பார்த்தார்கள். முகம் பார்த்துக் கேட்டுவிட்டால் அவளுக்கு முடியாது என்று சொல்ல வராது. அந்த வார்த்தையைச் சொல்லவும் பயம். அன்றைக்கு வீட்டுக்குப் போய் அழுதாள்.

"எதுக்கு அழுவுற? நான்தான் வெளியிலயே நிக்கிறேனே. தட்டு, வந்துடுறேன்," என்றார் அத்தான். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் போனாள்.

படம் எடுத்த இடம் ஒரு பழைய சரக்குக் கிடங்கு. அதுவும் பலகைத் தரைதான். அதன்மேல் அத்தானின் ஆலையில் கழித்துப்போட்ட பெரிய தொட்டி ஒன்றைப் படுக்கவைத்து விண்கலம் என்றார்கள். ஒரு பக்கம் வட்ட ஜன்னல், எதிர்ப்பக்கம் கதவு. இரண்டையும் வெட்டிப் பொருத்தியவர் அத்தான். கனமான கதவு என்பதால் திறந்து மூட அவரையே வரச்சொல்லியிருந்தார்கள்.

அங்கே ஒரு சட்டம் இருந்தது. எல்லா ஓசையும், அவர்கள் வாசிக்கிற இசையும், அப்போதைக்கப்போதே பதிவாக வேண்டும், பிறகு சேர்ப்பது கிடையாது. ஆகவே யாரும் பேசக்கூடாது, கையால்தான் சைகை. காலடி கேட்கக்கூடாது என்று எல்லாரும் செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு நடந்தார்கள். அத்தானுக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போயிற்று. உலகமே தன்னைப்போல ஆகிவிட்டதாக நினைத்தாரோ என்னவோ.

நடக்கிற காட்சிகள் நல்லபடியாகவே முடிந்தன. தலையில் கண்ணாடிக் கூண்டு. அதன் பின்பக்கம் ஒரு சின்ன விசிறி. கீபோர்டுகாரர் பொருத்தியது. உடைக்குள் காற்று வருகிற ஒரே வழி அதுதான். அது சுழலும் வரைக்கும் பயமில்லை என்று அக்காவும் தைரியமாகவே இருந்தாள். கடைசிக் காட்சிக்குத்தான் தொட்டிக்குள் உட்கார வேண்டும். நாற்காலியில் பெல்ட் போட்டுக் கட்டி, ஜன்னலைப் பார்த்து உட்காரவைத்து, பின்னால் கேமராவை ஆளில்லாமல் ஓடவிட்டு, கதவைச் சாத்திவிடுவார்கள். அன்றைக்கு எனக்குப் பட்டறையில் வேலை. நடந்ததெல்லாம் அவர்கள் வாயால் கேட்டதுதான்.

கதவைச் சாத்தியதும் அத்தானைக் கறுப்புத் திரைக்குப் பின்னால் உட்காரச் சொன்னார்கள். ஹெட்ஃபோனை மாட்டிய கீபோர்டுகாரர் முகத்தைச் சுளித்தார். விசிறியின் இரைச்சல் பதிவில் விழுந்தது. அந்தக் கனமான கதவைத் தானே இழுத்துத் திறந்து உள்ளே போய், விசிறியை நிறுத்திவிட்டு, கொஞ்ச நேரம்தான் என்று சைகை காட்டினார். அக்கா தலையாட்டினாள். அவள் எதற்குத்தான் தலையாட்டவில்லை? கதவு மறுபடி மூடிக்கொண்டது. திரைக்குப் பின்னால் இருந்த அத்தானுக்கு இது எதுவும் தெரியாது.

விசிறி நின்ற பிறகுதான் அவள் மூச்சு அவளுக்கே கேட்க ஆரம்பித்தது. கண்ணாடி ஈரம் பூத்தது. ஜன்னலுக்கு அப்பால் அவர்கள் செய்துவைத்திருந்த நிலா மங்கிப் போயிற்று. இழுத்த மூச்சு போதாமல் இன்னொன்று இழுத்தாள். அதுவும் போதவில்லை. இதெல்லாம் நம் பயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். காலமெல்லாம் பயந்து பயந்து, எல்லாரும் அவளுக்கு ஒன்றும் ஆகாது, ஒன்றும் ஆகாது என்று சொல்லிச் சொல்லி, நிஜமாகவே ஒன்று ஆகும்போது அவளாலேயே நம்ப முடியவில்லை. காலையில் கீபோர்டுகாரர் தும்மியதில் ஒரு காட்சி பாழாகி வயலின்காரர் முகம் வாடியதை வேறு பார்த்திருந்தாள். தானும் கெடுத்துவிடக்கூடாதே என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கண் இருட்டத் தொடங்கியபோதுதான் கை கழுத்துக்குப் போயிற்று. கூண்டை உடையோடு சேர்த்துக் கட்டிய முடிச்சு பின்பக்கம். கையுறையோ தார்ப்பாய், விரல் மடங்கவில்லை. "என் தையல் எங்கயாவது விட்டிருக்கக்கூடாதான்னு இருந்துச்சுடி," என்றாள் பிறகு என்னிடம். எங்கேயும் விட்டிருக்கவில்லை. கத்தினாள். கூண்டுக்குள் அவள் காதுதான் அடைத்தது. கையை வீசித் தொட்டிச் சுவரைக் குத்தினாள், மறுபடி மறுபடி குத்தினாள்.

வெளியே மூன்று பேருக்கும் அது நன்றாகவே கேட்டது. வேறு யார் கேட்டிருந்தாலும் யாரோ தட்டுகிறார்கள் என்று ஓடியிருப்பார்கள். இவர்களுக்குத் தாளமாகக் கேட்டது. அந்த அம்மா தானாகவே வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பூரித்துப்போனார்களாம். அவள் கத்தியது கூட எங்கேயோ தூரத்தில் ஊதுகிற மாதிரி விழுந்ததாம், வயலின்காரருக்குக் கண் கலங்கிவிட்டதாம். டிரம்ஸ்காரர் துணி சுற்றிய குச்சியை எடுத்துப் பெரிய முரசில் மெல்லத் தட்டிப் பதில் கொடுத்தார்.

அந்தப் பதில் தொட்டிக்குள் கேட்டது. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கேட்டுவிட்டது, வருகிறார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. மறுபடி தட்டினாள். மறுபடி பதில் வந்தது, ஆள் வரவில்லை.

இந்த இடத்தைச் சொல்லும்போது அவள் உதடு வெளுத்துவிடும். "கேக்கலன்னா கூடப் பரவால்லடி. கேக்குது, பதிலும் சொல்றாங்க, ஆனா வரமாட்டேங்கிறாங்க. அதுலதான் எனக்குப் பாதி உயிர் போயிடுச்சு."

கை தளர்ந்து விழுந்தது. இனி யாரைக் கூப்பிடுவது என்று நினைத்தபோது கூப்பிடுவதற்கு ஒரே ஆள்தான் மிச்சம். குதிகாலைத் தூக்கித் தொட்டியின் அடியில் போட்டாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. டிரம்ஸ்காரர் அதையும் பிடித்துக்கொண்டு அப்படியே திருப்பி வாசித்தார். இன்னொரு முறை போட்டாள். பிறகு கால் எழவில்லை. தொட்டிக்குள் ஓசை அடங்கியதும் மூவரும் அசையாமல் இருந்தார்கள். நிசப்தமும் இசையில் ஒரு பகுதிதானாம்.

திரைக்குப் பின்னால் வெறுங்காலோடு உட்கார்ந்திருந்த அத்தான் எழுந்துவிட்டார். அதுவரை காலில் ஏறியதையெல்லாம் முரசு என்றே நினைத்தாராம். இப்போது இரண்டு அழைப்பு ஏறியதாம், ஒன்று அவளுடையது, மற்றது யாரோ அடித்த காப்பி. "அவ தட்டு எனக்குத் தெரியாதா?" என்பார். திரையை விலக்கிக்கொண்டு அவர் ஓடிவர, வயலின்காரர் பதறிப்போய், வேண்டாம், பதிவு ஓடிக்கொண்டிருக்கிறது என்று கையை ஆட்டினார். அத்தான் அவரைத் தள்ளிய வேகத்தில் வயலின் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். கதவைத் திறந்து, முடிச்சை அவிழ்க்கப் பொறுமையில்லாமல் கத்தியால் கிழித்தார். தையல் விடவில்லை, துணியைத்தான் கிழிக்க வேண்டியிருந்தது. கூண்டைக் கழற்றி எறிந்து, அவளைப் பலகையில் கிடத்தி, மூக்கடியில் விரலை வைத்துப் பார்த்தார். அவர் கத்திய கத்தலில் அன்றைக்குப் பதிவு செய்ததெல்லாம் நாசமாகியிருக்கும். ஆனால் அதற்குள் கீபோர்டுகாரர் எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். கொஞ்ச நாளில் பட்டறைக்கும் வந்து என் தையலில் குறை கண்டுபிடிக்கத் தொடங்கிவிட்டாள். அத்தான்தான் மாறிப்போனார். அவள் கண்ணயர்ந்தால் போதும், அவர் விரல் அவள் மூக்கடிக்குப் போய்விடும்.

இசைக்காரர்கள் வீட்டுக்கு வந்து அழுதார்கள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன், எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் வயலின்காரர் தயங்கித் தயங்கி, அந்தத் தட்டலைப் படத்தில் வைக்கவா, தூக்கிவிடவா என்று கேட்டார். எனக்கு அவரை மறுபடி தள்ளிவிடலாம் போலிருந்தது.

"வெச்சுக்கங்க. அவ்வளவு கஷ்டப்பட்டுத் தட்டுனது வீணாப் போக வேணாம்," என்றாள் அக்கா.

"அத்தான்கிட்ட சொல்ல வேணாமா?"

"அவருக்குக் காதா கேக்குது? விடு."

படம் காட்டிய அரங்கம் பழையது. நாங்கள் நடுவரிசையில் உட்கார்ந்தோம்: அத்தான், அக்கா, நான். படம் நகர்ந்தது, நகர்ந்துகொண்டே இருந்தது. எனக்கே கொட்டாவி வந்தது; காது கேட்காத அத்தானுக்குக் கேட்க வேண்டுமா? செருப்பைக் கழற்றிவிட்டு, தலையைத் தொங்கப்போட்டுத் தூங்கிவிட்டார். கீழே பார்த்தேன். பலகைத் தரை.

திரையில் அக்காவின் முதுகும் நிலாவும் வந்தன. சுவரைக் குத்துகிற ஓசை ஆரம்பித்ததும் அவள் என் கையை இறுகப் பிடித்தாள். அவள் கை சில்லென்று இருந்தது. பிறகு அந்தக் குதிகால், அரங்கத்துப் பெரிய ஸ்பீக்கர்களில். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு. என் காலுக்கே அது ஏறியது.

அத்தான் எழுந்து நின்றுவிட்டார். அக்கா பக்கத்தில் இருக்கிறாள் என்று அவர் திரும்பிப் பார்க்கவில்லை. திரையில் அவள் கட்டுண்டு கிடக்கிறாள், கூப்பிடுகிறாள், அவ்வளவுதான் தெரிந்தது. முழங்கால்களைத் தாண்டி, யார் யார் காலையோ மிதித்துக்கொண்டு போனார். அக்கா நீட்டிய கை அவருக்கு எட்டவில்லை. யாரோ உஷ் என்றார்கள்.

தட்டல் நின்றது. படத்தில் அத்தான் வரவில்லை. பனியனோடு ஒரு மனுஷன் அந்தக் கிரகத்துக்குள் ஓடிவந்தால் நன்றாகவா இருக்கும்? வெட்டிவிட்டிருந்தார்கள். திரையில் அவள் முதுகு அசையாமல் இருந்தது, நிலா இருந்தது, யாருமே வரவில்லை. நடைபாதையில் நின்ற அத்தான் அதைப் பார்த்தார். பிறகு திரையை நோக்கி ஓட ஆரம்பித்தார்.

கூப்பிட்டால் கேட்காது. அத்தனை பேர் நடுவில், அத்தனை அமைதியில், பேருந்தில் டிக்கெட் கேட்கவே தயங்குகிற என் அக்கா செருப்பை உதறிவிட்டு எழுந்து நின்று, குதிகாலைத் தூக்கி ஓங்கிப் போட்டாள். இரண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்தி ஒரு தட்டு.

அத்தான் நின்றார். திரும்பினார். இருட்டில் அவளைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அவள் மூக்கடியில் விரலை வைத்தார். படம் முடிந்து விளக்கு போட்ட பிறகும் எடுக்கவில்லை.